ஒரே வறட்சி, இரண்டு கவுண்டிகள்: அமெரிக்க விவசாயிகளின் அவசர நிவாரணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

2025-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விவசாயிகளுக்கான மூன்று பெரிய உதவித் திட்டங்கள் அடுத்தடுத்துச் செய்திகளில் இடம்பெற்றன. மார்ச் மாதத்தில் 1,000 கோடி டாலர் மதிப்பிலான ஒரு திட்டம் தொடங்கியது. 2023, 2024 ஆண்டுகளின் பேரிடர் இழப்புகளுக்கான விண்ணப்பங்கள் ஜூலை மாதத்தில் பெறப்பட்டன. டிசம்பர் 8 அன்று மேலும் 1,200 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. செய்தித் தலைப்புகள் மூன்றையும் ‘விவசாயிகளுக்கு அவசர நிவாரணம்’ என்றே குறிப்பிட்டதால், வெள்ளத்தில் பயிரை இழந்தவர் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கையில், எந்தச் சேதமும் இல்லாதவரின் கணக்கில் சில வாரங்களிலேயே பணம் சேர்ந்தது எப்படி என்ற குழப்பம் பலருக்கும் எழுந்தது.

இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால், பணம் எவ்வளவு என்பதைவிட, எந்த அலகை வைத்து இழப்பு அளக்கப்படுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஒரு விவசாயிக்கு என்ன கிடைக்கும் என்பதை அவர் நிலத்தில் நேர்ந்த சேதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் நிலம் எந்தக் கவுண்டி எல்லைக்குள் இருக்கிறது, பேரிடருக்கு முன்பே அவர் பெயரில் என்னென்ன பதிவுகள் இருந்தன என்ற இரண்டும் பெரும்பாலான திட்டங்களில் அதற்கு இணையான எடையைப் பெறுகின்றன.

கவுண்டி அலுவலகமும் கவுண்டிக் குழுவும்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி. லூசியானா, அலாஸ்கா போன்ற இடங்களில் வேறு பெயர்களில் வழங்கும் இணையான பிரிவுகளையும் சேர்த்து நாடு முழுவதும் 3,100-க்கும் மேற்பட்டவை உள்ளன. விவசாய நிவாரணத்தைப் பொறுத்தவரை, விதிகளை வகுப்பது வாஷிங்டனில் உள்ள விவசாயத் துறை. விண்ணப்பத்தைப் பெறுவதும், சரிபார்ப்பதும், பணத்தைப் பட்டுவாடா செய்வதும் அத்துறையின் பண்ணைச் சேவை முகமையின் உள்ளூர் அலுவலகம். இத்தகைய அலுவலகங்கள் ஏறத்தாழ 2,100 இருக்கின்றன. ஆகவே, சில இடங்களில் ஒரே அலுவலகம் ஒன்றுக்கு மேற்பட்ட கவுண்டிகளைக் கவனித்துக்கொள்கிறது.

ஒவ்வோர் அலுவலகத்துக்கும் மேலே, உள்ளூர் விவசாயிகளே தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 3 முதல் 11 பேர் கொண்ட கவுண்டிக் குழு உண்டு. உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். இந்த ஏற்பாடு 1930-களில், பெருமந்தத்தின்போது கொண்டுவரப்பட்ட விவசாயச் சட்டங்களோடு பிறந்தது. தலைநகரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியைவிட, அக்கம்பக்கத்து நிலங்களின் விளைச்சலை அறிந்தவர்கள் சரியாக முடிவெடுப்பார்கள் என்பதே அதன் அடிப்படை எண்ணம். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. ஆனால் அக்கம்பக்கத்தாரே முடிவெடுப்பது எல்லோருக்கும் நன்மையாக அமைந்துவிடவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

பேரிடர் அறிவிப்பு வந்தால் பணம் வந்துவிடுமா?

செய்திகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த இடம்தான். ‘இத்தனை கவுண்டிகள் பேரிடர்ப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன’ என்ற செய்தியைப் படிப்பவர், அங்குள்ள விவசாயிகளுக்கு இழப்பீடு வழங்கப்படும் என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் விவசாயத் துறைச் செயலரின் அறிவிப்பு முதன்மையாகத் திறந்துவிடுவது அவசரக் கடனுக்கான வாய்ப்பை மட்டுமே. அறிவிப்பு வெளியான நாளிலிருந்து எட்டு மாதங்களுக்குள் விண்ணப்பித்தால், தகுதியுள்ளவர் அதிகபட்சமாக 5,00,000 டாலர் வரை குறைந்த வட்டியில் கடன் பெறலாம். அதைத் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். ஏற்கெனவே சாகுபடிக் கடனில் மூழ்கியிருப்பவருக்கு இது நிவாரணமாகத் தோன்றாமல் போவதில் வியப்பில்லை.

இந்த அறிவிப்பு இரண்டு வழிகளில் வரும்:

1. ஒரு கவுண்டியில் ஏதேனும் ஒரு பயிரின் விளைச்சல் கவுண்டி அளவில் 30 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும். இதற்குச் சேத மதிப்பீட்டு அறிக்கைகள் தேவைப்படும். அவற்றைத் திரட்டக் காலம் பிடிக்கும்.

2. வறட்சிக்கு மட்டும் 2012 முதல் ஒரு விரைவு வழி இருக்கிறது. பயிர்க்காலத்தில் வறட்சிக் கண்காணிப்பு வரைபடம் ஒரு கவுண்டியைத் தொடர்ந்து எட்டு வாரங்கள் ‘கடும் வறட்சி’ நிலையில் காட்டினாலோ, ஒரு முறையேனும் அதற்கு மேற்பட்ட நிலையில் காட்டினாலோ, தனி மதிப்பீடு இல்லாமலேயே அறிவிப்பு வந்துவிடும்.

இரண்டு வழிகளிலும், அறிவிக்கப்பட்ட கவுண்டியை ஒட்டியுள்ள கவுண்டிகளின் விவசாயிகளும் கடனுக்குத் தகுதி பெறுவார்கள். அதிபர் வெளியிடும் பெரும் பேரிடர் அறிவிப்பு இதிலிருந்து வேறுபட்டது. அது குடும்பங்களுக்கும் சாலை, பாலம் போன்ற பொதுக் கட்டமைப்புகளுக்கும் உதவுவதற்கானது. அதன் வழியாகவும் அவசரக் கடனுக்கான தகுதி கிடைக்கும் என்றாலும், பயிர் இழப்புக்கு அதிலிருந்து பணம் வராது.

பணம் எங்கிருந்து வருகிறது?

திருப்பித் தர வேண்டாத பணம் நான்கு இடங்களிலிருந்து வருகிறது. இவற்றைக் கலந்து பேசுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

1. பயிர்க் காப்பீடு. இது நிவாரணம் அன்று. விவசாயி முன்கூட்டியே வாங்கும் ஒப்பந்தம். பிரீமியத்தின் பெரும்பகுதியை ஒன்றிய அரசு ஏற்கிறது. வழக்கமான விளைச்சலில் 50 முதல் 85 விழுக்காடு வரை பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கலாம். காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கு, முகமையே நடத்தும் தனிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று உண்டு. அதிலும் விதைப்புக்கு முன்னரே கட்டணம் செலுத்திச் சேர்ந்திருக்க வேண்டும்.

2. நிலையான பேரிடர்த் திட்டங்கள். 2014-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் இவற்றை நிரந்தரமாக்கியது. கால்நடை இறப்பு, மேய்ச்சல் நில வறட்சி, தேனீ மற்றும் பண்ணை மீன் இழப்பு, பழமர இழப்பு ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்கு ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் புதிதாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

3. நாடாளுமன்றம் அவ்வப்போது இயற்றும் சிறப்பு ஒதுக்கீடு. 2024 டிசம்பர் 21 அன்று கையெழுத்தான சட்டத்தில் விவசாயிகளுக்காக ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 3,078 கோடி டாலர் இவ்வகையைச் சேர்ந்தது. இதில் 1,000 கோடி டாலர் விலை வீழ்ச்சி, செலவு உயர்வு ஆகியவற்றுக்கும், மீதி பேரிடர் இழப்புகளுக்கும் பிரிக்கப்பட்டது.

4. சரக்குக் கடன் கழகம். 1933-இல் தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனம் கருவூலத்திலிருந்து 3,000 கோடி டாலர் வரை கடன் பெறும் அதிகாரம் கொண்டது. நாடாளுமன்றத்தின் புதிய ஒப்புதல் இல்லாமலேயே விவசாயத் துறைச் செயலர் பணம் வழங்குவதற்கு வழி இதுவே. சீனாவுடனான வரிப்போரின்போது 2018, 2019 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்ட சுமார் 2,300 கோடி டாலரும், 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட 1,200 கோடி டாலரும் இந்த வழியில் வந்தவை.

மூன்றாவதும் நான்காவதும் அரசியல் முடிவுகள். எந்தப் பேரிடருக்குப் பணம் வரும், எதற்கு வராது, எப்போது வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு விவசாயி தன் அடுத்த ஆண்டுச் சாகுபடியை இவற்றை நம்பித் திட்டமிட முடியாது என்பது இந்த முறையின் ஆழமான குறை என்று கருதுகிறேன்.

மேய்ச்சல் நிலமும் வரைபடக் கோடும்

கவுண்டி எல்லையின் வலிமையை மிகத் தெளிவாகக் காட்டுவது மேய்ச்சல் நில வறட்சி நிவாரணம். இதில் தனிப்பட்ட இழப்பை யாரும் நேரில் வந்து அளப்பதில்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் லிங்கன் வளாகத்தில் உள்ள தேசிய வறட்சித் தணிப்பு மையமும் ஒன்றிய அரசின் நிறுவனங்களும் சேர்ந்து 1999 முதல் வெளியிட்டுவரும் வாராந்திர வரைபடமே அளவுகோல். அது வறட்சியை டி0 முதல் டி4 வரை ஐந்து நிறப் படிகளாகப் பிரிக்கிறது. டி2 கடும் வறட்சி, டி3 மிகக் கடும் வறட்சி, டி4 அரிதாக நேரும் உச்சநிலை.

நிவாரணத் தொகை மாதத் தவணைகளாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு மாதத் தவணை என்பது, கால்நடைகளின் ஒரு மாதத் தீவனச் செலவு, நிலத்தின் மேய்ச்சல் திறன் ஆகிய இரண்டின் மதிப்பில் எது குறைவோ அதில் 60 விழுக்காடு. 2025-இல் திருத்தப்பட்ட விதிப்படி, வழக்கமான மேய்ச்சல் பருவத்தில்:

1. டி2 நிலை தொடர்ந்து நான்கு வாரங்கள் நீடித்தால் ஒரு தவணை. எட்டு வாரங்களில் ஏழு வாரங்கள் நீடித்தால் இரண்டு தவணைகள்.

2. டி3 நிலையை எப்போதேனும் தொட்டால் மூன்று தவணைகள்.

3. டி3 நான்கு வாரங்கள் நீடித்தாலோ, டி4 ஒருமுறை வந்தாலோ நான்கு தவணைகள்.

4. டி4 நான்கு வாரங்கள் நீடித்தால் ஐந்து தவணைகள்.

இந்தத் திருத்தத்துக்கு முன்பு டி2 நிலை எட்டு வாரங்கள் நீடித்தால்தான் ஒரே ஒரு தவணை கிடைத்தது.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: கவுண்டியின் ஏதேனும் ஒரு பகுதியை அந்த நிறம் தொட்டால் போதும், கவுண்டி முழுவதும் தகுதி பெற்றுவிடும். மேற்கு மாநிலங்களில் சில கவுண்டிகள் மிகப் பரந்தவை. அவற்றின் ஒரு மூலையில் டி3 பதிவானால், நல்ல மழை பெய்த மறு மூலையில் மாடு மேய்ப்பவருக்கும் மூன்று தவணைகள் உரியவை. எல்லை வேலிக்கு அப்பால், அடுத்த கவுண்டியில், புல் கருகிய நிலத்தை வைத்திருப்பவரின் கவுண்டி முழுவதும் டி2 நிலையில் மூன்று வாரங்களே இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடையாது. கடனைப் போல ‘ஒட்டியுள்ள கவுண்டி’ என்ற சலுகை இதில் இல்லை. நிவாரணம் கிடைத்தவர் இதில் எந்தத் தவறும் செய்யவில்லை. மழைமானிகள் சில மைல்களுக்கு ஒன்றுகூட இல்லாத நாட்டுப்புறத்தில், கோடு எங்காவது போடப்பட்டாக வேண்டும். அந்தக் கோடு இரு குடும்பங்களுக்கு நடுவே விழுந்துவிடுகிறது.

மூன்று அளவுகோல்கள், மூன்று விடைகள்

திட்டங்களின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறினாலும், கணக்கிடும் முறைகள் மூன்றுதான்.

1. நாடு முழுவதற்கும் ஒரே விகிதம். 2025 மார்ச் மாதத் திட்டத்தில் ஏக்கருக்கு மக்காச்சோளத்துக்கு 42.91 டாலர், சோயாவுக்கு 29.76 டாலர், பருத்திக்கு 84.74 டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. 500 ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்தவருக்கு 21,455 டாலர். அதில் 85 விழுக்காடு, அதாவது சுமார் 18,237 டாலர், முதல் தவணையாகச் சென்றது. அவருடைய விளைச்சல் எப்படி இருந்தது என்ற கேள்வியே எழவில்லை. முந்தைய ஆண்டில் அவர் அலுவலகத்தில் கொடுத்த விதைப்புப் பரப்பு அறிக்கை மட்டுமே போதுமானதாக இருந்தது.

2. கவுண்டிக்கு ஒரு விகிதம். 2019-ஆம் ஆண்டின் வரிப்போர் உதவியில், ஒவ்வொரு கவுண்டியிலும் வழக்கமாக என்ன விளைகிறது, எவ்வளவு விளைகிறது என்பதை வைத்து, ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை கவுண்டிவாரியாக ஒரே விகிதம் வகுக்கப்பட்டது. ஒரு கவுண்டிக்கு 40 டாலரும் அடுத்ததற்கு 70 டாலரும் என்று வைத்துக்கொண்டால், எல்லைக்கு இருபுறமும் ஒரே மண்ணில், ஒரே பயிரை, அதே 400 ஏக்கரில் விதைத்த இருவரில் ஒருவருக்கு 16,000 டாலரும் மற்றவருக்கு 28,000 டாலரும் கிடைக்கும். இரு கவுண்டிகளிலும் நிலம் வைத்திருப்பவருக்கு, ஒரே பண்ணைக்கு இரண்டு விகிதங்கள்.

3. தனிப் பண்ணையின் இழப்பு. 2023, 2024 பேரிடர்களுக்கான துணைத் திட்டம் இவ்வகை. எடுத்துக்காட்டாக, ஒருவர் எதிர்பார்த்த விளைச்சலின் மதிப்பு 1,00,000 டாலர் என்றும், 80 விழுக்காட்டுக் காப்பீடு வைத்திருந்தார் என்றும், கிடைத்த விளைச்சலின் மதிப்பு 40,000 டாலர் என்றும் கொள்வோம். இழப்பு 60,000 டாலர். காப்பீடு 40,000 டாலர் கொடுக்கும். துணைத் திட்டம் எதிர்பார்த்த மதிப்பில் 90 விழுக்காட்டை, அதாவது 90,000 டாலரை, உச்சவரம்பாகக் கொண்டு, விளைச்சலையும் காப்பீட்டுத் தொகையையும் கழிக்கும். மிஞ்சுவது 10,000 டாலர். பிரீமியத்துக்கான சிறு சரிக்கட்டலை இங்கே விட்டுவிடலாம். ஒதுக்கிய நிதி எல்லோருக்கும் போதாது என்பதால், இந்த மீதியில் 35 விழுக்காடு மட்டுமே முதலில் வழங்கப்பட்டது. ஆகவே அவர் கைக்கு வந்தது 3,500 டாலர்.

மூன்றாவது கணக்கை முதலாவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மக்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். சேதமே இல்லாத 500 ஏக்கருக்கு 18,237 டாலர். 60,000 டாலர் இழந்தவருக்குக் காப்பீட்டுக்கு மேல் 3,500 டாலர். இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் வந்த பணம். முன்னது சந்தை விலைக்கும் சாகுபடிச் செலவுக்கும் இடையிலான பள்ளத்தை நிரப்புவதற்கானது, பின்னது வானிலைச் சேதத்துக்கானது என்ற வேறுபாட்டை விளக்கினால் கணக்கு புரியும். நியாயம் புரியுமா என்பது வேறு கேள்வி.

தாமதம் ஏன்?

2024 டிசம்பரில் கையெழுத்தான அந்தச் சட்டம், விலை வீழ்ச்சிக்கான பணத்தை 90 நாள்களுக்குள் வழங்கத் தொடங்க வேண்டும் என்று கெடு விதித்தது. பேரிடர் இழப்புக்கு அத்தகைய கெடு விதிக்கவில்லை. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் ஜார்ஜியா மாநிலத்தின் பீக்கன் கொட்டைமரத் தோப்புகளைச் சாய்த்தது. நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது டிசம்பரில். காப்பீட்டுத் தொகை பெற்றவர்களுக்கான முதல் கட்டம் திறந்தது 2025 ஜூலை 10-இல். காப்பீடு இல்லாதவர்களுக்கும், காப்பீட்டு வரம்பைத் தொடாத சிறிய இழப்புகளுக்குமான இரண்டாம் கட்டம் திறந்தது நவம்பர் இறுதியில். இடையில், அக்டோபர் மாதம் ஒன்றிய அரசின் நிதி முடக்கத்தால் கவுண்டி அலுவலகங்கள் மூன்று வாரங்கள் பூட்டிக்கிடந்து, பின்னர் அலுவலகத்துக்கு இரண்டு ஊழியர்கள் என்ற அளவில் திறக்கப்பட்டன.

முதல் கட்டம் இரண்டாவதைவிட முன்னதாகத் தொடங்கியதற்கு ஒரே காரணம் தரவுதான். காப்பீட்டு நிறுவனங்களிடம் இழப்பு ஏற்கெனவே அளக்கப்பட்டுக் கோப்பில் இருந்தது. அதை எடுத்துப் படிவத்தில் முன்கூட்டியே நிரப்பி விவசாயிக்கு அனுப்பிவிட முடிந்தது. காப்பீடு இல்லாதவருக்கு அந்தக் கோப்பு இல்லை. விதை வாங்கிய ரசீது, அறுவடைக் கணக்கு, விற்பனைச் சீட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. இழப்பைத் துல்லியமாக அளக்கும் எந்தத் திட்டமும் இந்தச் சுமையைத் தவிர்க்க முடியாது. அளக்காத திட்டம் விரைந்து வந்துவிடும்.

இத்துணைக் காத்திருப்பு ஒரு கவுண்டியை எப்படிப் பாதிக்கிறது என்பதைக் குளிர்காலத்தில் பார்க்கலாம். வசந்த விதைப்புக்கான கடனை வங்கி புதுப்பிப்பது அந்த மாதங்களில்தான். முந்தைய ஆண்டுக் கடன் அடைபடவில்லையெனில் வங்கி நிலத்தை அடமானம் கேட்கும், அல்லது டிராக்டரை விற்கச் சொல்லும். பிப்ரவரியில் கிடைக்க வேண்டிய 20,000 டாலர் நவம்பரில் கிடைத்தால், தொகை மாறாவிட்டாலும் பயன் மாறிவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் விதைக்கடைக்காரரும் உரக்கடைக்காரரும் கடன் கணக்கை நீட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

எந்தத் திட்டத்திலும் சேராத இழப்பு

2019 மார்ச் மாதம், பனி உருகலும் கனமழையும் ஒன்றுசேர்ந்து மிசௌரி ஆற்றின் கரைகளை உடைத்தன. நெப்ராஸ்காவிலும், அயோவாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃப்ரீமான்ட், மில்ஸ் கவுண்டிகளிலும் பண்ணைகள் நீரில் மூழ்கின. அங்கிருந்த உலோகத் தானியக் குதிர்கள் பல, முந்தைய அறுவடையின் சோயாவும் மக்காச்சோளமும் நிரம்பியவை. வரிப்போரால் விலை வீழ்ந்திருந்ததால் நல்ல விலைக்காகக் காத்திருந்து சேமித்தவர்கள் அதிகம். வெள்ளநீர் அடிப்பகுதியில் புகுந்ததும் சோயா ஊறிப் பெருத்தது. அந்த அழுத்தத்தைத் தாங்காமல் குதிர்களின் தகடு பிளந்து தானியம் வெளியே சரிந்தது. வெள்ளநீர் தொட்ட தானியத்தை உணவுக்கோ தீவனத்துக்கோ விற்கக் கூடாது என்பது ஒன்றிய அரசின் விதி.

பயிர்க் காப்பீடு வயலில் நிற்கும் பயிருக்கானது. நிலையான பேரிடர்த் திட்டங்கள் எதிலும் குதிரில் இருக்கும் தானியம் பற்றிய பேச்சே இல்லை. பல தனியார் காப்பீட்டு ஒப்பந்தங்கள் வெள்ளத்தை விலக்கிவைத்திருந்தன. ஆகவே, அறுவடை செய்து முடித்த ஓர் ஆண்டின் உழைப்பு முழுவதையும் இழந்தவருக்கு எந்த ஜன்னலிலும் கொடுப்பதற்குப் படிவம் இல்லாமல் போனது. அவ்வாண்டு ஜூன் 6 அன்று கையெழுத்தான சிறப்புச் சட்டம்தான் பண்ணைச் சேமிப்பு இழப்பை முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு பேரிடரும் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்றை அழிக்கிறது. பட்டியல் பின்னால் வந்து அதைச் சேர்த்துக்கொள்கிறது. இதனால் அடுத்தவர் பயன்பெறலாம். முதலில் இழந்தவர் நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

பணம் யார் கையில் சேர்கிறது?

ஏக்கர் கணக்கில் வழங்கப்படும் உதவி, இயல்பாகவே அதிக ஏக்கர் வைத்திருப்பவரிடம் அதிகம் சேரும். இதைக் கட்டுப்படுத்தத் தனிநபர் உச்சவரம்பு இருக்கிறது. மேய்ச்சல் நில நிவாரணத்துக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர். சராசரி ஆண்டு வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டியவர் பல திட்டங்களுக்குத் தகுதியற்றவர். ஆனால் பொதுக் கூட்டாண்மையாகப் பதிவுசெய்த பண்ணையில் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி உச்சவரம்பு கிடைப்பதால், பெரிய பண்ணைகளை அது அதிகம் கட்டுப்படுத்துவதில்லை.

குத்தகை நிலத்தில் யாருக்குப் பணம் என்பதும் அடிக்கடி எழும் கேள்வி. ரொக்கக் குத்தகையில் விளைச்சலின் அபாயம் முழுவதையும் சாகுபடி செய்பவரே சுமப்பதால் முழுத்தொகையும் அவருக்கே. விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரக் குத்தகையில், அந்தப் பங்கு விகிதத்திலேயே நிவாரணமும் நில உரிமையாளருக்கும் சாகுபடி செய்பவருக்கும் பிரியும். தாளில் இது நேர்மையான ஏற்பாடு. ஆயினும் ஆண்டுதோறும் உதவி வரும் என்ற எதிர்பார்ப்பு ஒரு கவுண்டியில் வேரூன்றிவிட்டால், ரொக்கக் குத்தகையும் அதற்கேற்பக் குறையாமல் நிற்கிறது. பயிர் விலை சரிந்த பிறகும் குத்தகை சரியாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாகுபடியாளரின் பெயரில் வந்த பணம் ஓரளவு நில உரிமையாளரிடம் போய்ச்சேர்கிறது.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

மேலே சொன்ன எல்லாத் திட்டங்களுக்கும் அடிப்படை, அலுவலகத்தில் பெற்ற பண்ணை எண்ணும் உரிய நாளுக்குள் கொடுத்த விதைப்புப் பரப்பு அறிக்கையும். பெரும்பாலான வசந்தப் பயிர்களுக்கு அந்தக் கெடு ஜூலை 15. காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கான தனித் திட்டத்தில், இழப்பு தெரியவந்த 15 நாள்களுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கையால் பறிக்கும் காய்கறி, பழங்களுக்கு 72 மணி நேரத்துக்குள். நான்கு ஏக்கரில் பத்து வகைக் காய்கறி விளைவித்து நேரடியாக விற்பவருக்கு, ஆலங்கட்டி மழைக்கு மறுநாள் காலையில் வயலைச் சீர்செய்வதா, அலுவலகத்துக்கு ஓடுவதா என்ற நெருக்கடி உண்மையானது.

கால்நடை இழப்பிலும் இதே நிலைதான். 2024 பிப்ரவரி இறுதியில் டெக்சஸின் வடமுனையில் பரவிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் காட்டுத்தீ பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் எரித்தது. வானிலைப் பேரிடரில் இறந்த மாட்டுக்குச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு கிடைக்கும். ஆனால் தீக்கு முன் எத்தனை மாடுகள் இருந்தன என்பதற்கும், தீயால் எத்தனை இறந்தன என்பதற்கும் சான்று வேண்டும். வழக்கமாக ஓராண்டில் இறக்கக்கூடிய எண்ணிக்கை அதிலிருந்து கழிக்கப்படும். எனவே புகை அடங்கியதும் முதலில் செய்ய வேண்டியது இறந்த மாடுகளைப் புதைக்கும் முன் தேதியோடு படம் எடுத்துவைப்பது. எரிந்த வேலியைச் சீரமைக்க 75 விழுக்காடு வரை செலவுப் பகிர்வு உண்டு. ஒப்புதல் பெறுமுன் வேலையைத் தொடங்கினால் அந்த உதவி மறுக்கப்படலாம்.

பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கதை இன்னும் கசப்பானது. தென்மாநிலக் கவுண்டிக் குழுக்களில் கறுப்பின விவசாயிகள் பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ இடமே பெறவில்லை. அவர்களுடைய கடன், நிவாரண விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன, அல்லது விதைப்புக் காலம் கடக்கும்வரை இழுத்தடிக்கப்பட்டன. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட பிக்ஃபோர்டு வழக்கு 1999-இல் சமரசத் தீர்வை எட்டியது. விடுபட்டவர்களுக்காக 2010-இல் மேலும் 125 கோடி டாலர் ஒப்புக்கொள்ளப்பட்டது. உயில் எழுதாமல் தலைமுறைகளாகக் கைமாறிய நிலத்தைச் சாகுபடி செய்பவர்கள் உரிமைப் பத்திரம் காட்ட முடியாததால் பண்ணை எண்ணே பெற முடியாத நிலை இருந்தது. 2018-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம்தான் அவர்கள் மாற்று ஆவணங்களைக் காட்டலாம் என்று அனுமதித்தது. இவற்றை வெறும் பழைய வரலாறாக ஒதுக்கிவிட முடியாது. முந்தைய ஆண்டுப் பதிவை அடிப்படையாகக் கொண்டு இன்றைய நிவாரணம் வழங்கப்படும்வரை, அன்று அலுவலகக் கதவு மூடப்பட்டவரின் குடும்பம் இன்றும் குறைவாகவே பெறும்.

மறுக்கப்பட்டால் என்ன வழி?

விண்ணப்பம் மறுக்கப்பட்டவர், முடிவு கிடைத்த 30 நாள்களுக்குள் அதே கவுண்டிக் குழுவிடம் மறுபரிசீலனை கேட்கலாம். மாநிலக் குழுவுக்கு எடுத்துச் செல்லலாம். சமரச நடுவரை நாடலாம். அல்லது 1994-இல் தனி அமைப்பாக உருவாக்கப்பட்ட தேசிய மேல்முறையீட்டுப் பிரிவிடம் முறையிடலாம். ஏக்கர் கணக்கைத் தவறாகப் பதிந்தார்கள், சான்றை ஏற்க மறுத்தார்கள் என்பன போன்ற குறைகள் இவ்வழியில் தீரக்கூடும்.

எல்லோருக்கும் பொதுவாகப் பொருந்தும் விதியை இவற்றில் எதிலும் எதிர்க்க முடியாது. 35 விழுக்காடு ஏன், ஏக்கருக்கு 42.91 டாலர் ஏன், என் கவுண்டியின் விகிதம் பக்கத்துக் கவுண்டியைவிட ஏன் குறைவு ஆகிய கேள்விகள் மேல்முறையீட்டுக்கு அப்பாற்பட்டவை. வறட்சி வரைபடத்தில் ஒரு கவுண்டி எந்த நிறத்தில் காட்டப்பட்டது என்பதையும் வெளியான பிறகு முறையிட்டு மாற்ற முடியாது. ஆனால் வரைபடம் வரையப்படும் முன் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தம் நிலத்தின் நிலையைப் படத்துடன் தெரிவிக்கும் கள அறிக்கையைத் தேசிய வறட்சித் தணிப்பு மையத்துக்கு யாரும் இணையவழியில் அனுப்பலாம். வரைபடம் தயாரிப்பவர்கள் மழைப்பதிவு, மண் ஈரம், செயற்கைக்கோள் படம் ஆகியவற்றோடு அவற்றையும் பார்க்கிறார்கள். வியாழக்கிழமை வெளியாகும் வரைபடம் செவ்வாய்க்கிழமை காலை வரையிலான தரவுகளைக் கொண்டது. குட்டை வற்றியதையும் புல் காய்ந்ததையும் காட்டும் படங்கள் அதற்கு முன்னால், வாரந்தோறும், ஒரே இடத்திலிருந்து எடுத்து அனுப்பப்பட்டால்தான் அந்த வாரக் கணக்கில் அவற்றுக்கு இடம் உண்டு.